ஓடும் பிலிமை நிறுத்திப் பிடித்த கதை

திரையரங்கில் அமர்ந்து 'படம் ஓடுகிறது' என்று சொல்கிறோம். பிலிம் காலத்துப் படங்களைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மைதான் உண்டு. காமிராவுக்குள் பிலிம் நில்லாமல் ஓடியிருந்தால் அதில் தெளிவான உருவம் எதுவும் பதிந்திராது. வெறும் கோடுகளும் கறைகளுமே மிஞ்சியிருக்கும். பிலிம் ஒரு கட்டம் நகர வேண்டும், நிற்க வேண்டும், நின்ற இடத்தில் அசையாமல் இருக்கும்போது ஒளி பட வேண்டும், பிறகு மீண்டும் நகர வேண்டும். பேசும் படத்தில் இது நொடிக்கு 24 முறை நடக்கிறது. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றில் 2,16,000 கட்டங்கள். அத்தனை கட்டங்களும் ஒவ்வொன்றாக இழுக்கப்பட்டு, நிறுத்தப்பட்டு, பிடிக்கப்பட்டவையே.

பிலிமை இழுப்பது எளிது. அதை மிகச் சரியாக அதே இடத்தில் நிறுத்திப் பிடிப்பதுதான் கடினம். லென்சையும் ஒளியையும் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். இந்தப் 'பிடி'யைப் பற்றி அதிகம் படித்ததில்லை. அதன் வரலாற்றை இங்கே காண்போம்.

எவ்வளவு துல்லியம் தேவை?

முதலில் சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு கட்டத்திற்கு நான்கு துளைகள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 4.75 மி.மீ. ஆகவே ஒவ்வொரு முறையும் பிலிம் 19 மி.மீ. நகர வேண்டும். படத்தின் அகலம் சுமார் 21 மி.மீ. திரையின் அகலம் பத்தரை மீட்டர் என்று கொள்வோம். உருப்பெருக்கம் 500 மடங்கு. பிலிம் தன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறி நின்றாலும் திரையில் காட்சி 5 மி.மீ. தள்ளி விழும். அடுத்த கட்டம் வேறு பக்கம் தவறினால் காட்சி நடுங்கும்.

இனி விசையைக் கணக்கிடுவோம். நொடிக்கு 24 கட்டங்கள் என்றால் ஒரு கட்டத்திற்கு 1/24 நொடி. காமிராவில் ஏறத்தாழ இதில் பாதி ஒளி படுவதற்கு. மற்றப் பாதியில், அதாவது 1/48 நொடியில், ஷட்டர் மூடியிருக்கும்போதே பிலிம் 19 மி.மீ. நகர்ந்துவிட வேண்டும். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, பாதி வழி சீராக வேகம் கூடி, மறுபாதி சீராகக் குறைந்து மீண்டும் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், முடுக்கம் வினாடிக்கு வினாடி 175 மீட்டர் என்று வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 18 மடங்கு. நொடிக்கு 24 தடவை இப்படி உதைபடும் மெல்லிய பட்டை, உதை முடிந்த மறுகணம் நூறில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் நிற்க வேண்டும்!

தையல் இயந்திரம் காட்டிய வழி

அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன், 1890-களின் தொடக்கத்தில் 35 மி.மீ. பிலிமையும் அதன் இரு ஓரங்களிலும் கட்டத்திற்கு நான்கு துளைகளையும் வகுத்தார். பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் 1895 பிப்ரவரியில் தங்கள் 'சினிமாட்டோகிராஃப்' கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். தையல் இயந்திரத்தில் துணி ஒரு தையலுக்கு நகர்ந்து, ஊசி இறங்கும்போது நின்று, பிறகு நகர்கிறதல்லவா? அந்த இயக்கமே லூயி லூமியேருக்கு வழிகாட்டியது என்பர். சுழலும் கேம் ஒன்று, இரு முனைகள் கொண்ட கொக்கியை இயக்கும். கொக்கி துளைக்குள் நுழையும், பிலிமைக் கீழே இழுக்கும், வெளியே வரும், வெறுமனே மேலே செல்லும், மீண்டும் நுழையும்.

கொக்கி வெளியே இருக்கும் நேரத்தில்தான் ஒளி படுகிறது. அப்போது பிலிமைப் பிடித்திருப்பது எது? லென்சுக்குப் பின்னால் ஒரு சிறு சட்டம். தொழிலில் இதை 'கேட்' என்பார்கள். நாம் படவாயில் என்று அழைப்போம். பிலிமின் பின்புறம் வில்லால் தாங்கப்பட்ட அழுத்தத் தட்டு ஒன்று அதைப் படவாயிலோடு சேர்த்து மெல்ல அழுத்தும். இந்த உராய்வு ஒன்றே அன்றைய பிடி.

இங்கே ஒரு சங்கடம் இருந்தது. அழுத்தம் குறைந்தால், இழுத்த வேகத்தில் பிலிம் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வழுக்கும். அழுத்தம் கூடினால், பிலிமின் ஒளியுணர் பூச்சு உராய்ந்து துகள்களாகப் படவாயிலில் சேரும். அவை அடுத்து வரும் பிலிமில் நீளக் கீறல்களை இடும். துளைகளின் ஓரங்களும் கிழியும். இறுக்கிப் பிடிப்பது மட்டும் இதற்கு மருந்தாகாது என்பதைத் திரைப்படக் கலை தன் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டது.

மற்றொரு சிறு உபாயத்தையும் சொல்ல வேண்டும். படவாயிலுக்கு மேலும் கீழும் பிலிமைச் சிறிது தளர்வாக வளைத்து விடுவார்கள். பெரிய சுருள் சீராகச் சுழலும். உதையெல்லாம் அந்த வளைவோடு நின்றுவிடும். இந்தத் தளர்வு இல்லையென்றால், கனமான சுருளின் நிலைமம் முழுவதும் துளை ஓரங்களின் மேல் விழுந்து பிலிம் அறுந்துவிடும். ஓரிடத்தில் உறுதியாகப் பிடிக்க வேண்டுமானால் அதற்குப் பக்கத்தில் தளர்வு வேண்டும்.

சிலுவையும் பூட்டும்

படம் காட்டும் புரொஜக்டரில் வேறு வழி கையாளப்பட்டது. சுவிட்சர்லாந்துக் கடிகாரக் கலைஞர்கள் கடிகார வில்லுக்கு அளவுக்கு மேல் சாவி கொடுப்பதைத் தடுக்க ஓர் அமைப்பை வைத்திருந்தனர். அதன் மாறுபட்ட வடிவமே 'மால்டா சிலுவை'. லண்டனில் ராபர்ட் பால் போன்றோர் 1896-லேயே அதைத் திரைப்படக் கருவியில் புகுத்தினர். முள் பொருத்திய வட்டத் தட்டு ஒருமுறை சுற்றும்போது, நான்கு பிளவுகள் கொண்ட சிலுவை கால் சுற்று மட்டும் சுற்றும். சிலுவையின் அச்சில் 16 பற்களுடைய சக்கரம் இருக்கும். கால் சுற்று என்றால் நான்கு பற்கள். நான்கு பற்கள் என்றால் ஒரு கட்டம்.

இதன் அழகு சுற்றும் போது மட்டும் இல்லை. நிற்கும் போதும் உண்டு. தட்டின் வளைந்த விளிம்பு, சிலுவையின் குழிந்த பக்கத்தில் அணைந்து வழுக்கிக்கொண்டே செல்லும். அந்த நேரம் முழுவதும் சிலுவை அசைய முடியாது. சுற்றின் கால் பங்கில் இயக்கம். முக்கால் பங்கில் பூட்டு. இயக்கும் பாகமே பூட்டும் பாகமாகவும் இருப்பதால், பூட்ட மறந்து போவது என்பதே இல்லை.

சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் 1897-இல் சலனப்படம் காட்டப்பட்டது. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து புரொஜக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். தமிழ்நாட்டுக் கிராமத்து மக்கள் நிறுத்தி நகர்த்தும் இந்த இயந்திரக் கலையின் பலனைக் கண்டது இத்தகைய கூடாரங்களில்தான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை அருகே ஒரு மரப்பெட்டி

படம் காட்டுவது ஒன்று, எடுப்பது வேறு. தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவர் வேலூரைச் சேர்ந்த நடராஜ முதலியார். மோட்டார் வாகன உதிரி பாக வணிகத்தில் இருந்தவர். புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் காமிரா இயக்கக் கற்றார். தஞ்சையைச் சேர்ந்த நிலக்கிழார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் காமிராவை 1,800 ரூபாய்க்கு வாங்கினார். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அருகில், மில்லர்ஸ் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவி 'கீசக வதம்' படத்தை எடுத்தார். 1918-இல் வெளிவந்த அப்படத்தின் நீளம் சுமார் 6,000 அடி. ஓர் அடிக்கு 16 கட்டங்கள். ஏறத்தாழ 96,000 முறை பிலிமை நகர்த்தியதும் நிறுத்தியதும் காமிராவின் கைப்பிடியைச் சுற்றிய மனிதக் கையின் ஆற்றலே!

இத்தகைய கைச்சுற்றுக் காமிராவில் ஒரு சுற்றுக்கு 8 கட்டங்கள். நொடிக்கு இரண்டு சுற்று. சுற்றும் கை தளர்ந்தால் வேகம் மாறும். ஆனால் பிலிம் நிற்கும் இடம் கையைப் பொறுத்தது அன்று. கொக்கியையும் அழுத்தத் தட்டையும் பொறுத்தது. மரத்தால் ஆன பெட்டி. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் மரம் விரியும், சுருங்கும். அதனுள் பிடி மாறாமல் இருக்க வேண்டும். நடராஜ முதலியார் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. ஆகவே அவர் பிலிம் எவ்வளவு அசையாமல் நின்றது என்பதை அளந்து பார்க்கும் வாய்ப்பும் நமக்கு இல்லை.

நிலைப்பின் வருகிறது

உராய்வை நம்பியிருந்த காலத்தை முடித்து வைத்தவர்கள் சிகாகோ நகரின் பெல், ஹோவெல் என்ற இருவர். 1907-இல் நிறுவனம் தொடங்கிய இவர்கள், 1911-12-இல் முழுவதும் உலோகத்தாலான '2709' காமிராவைக் கொண்டுவந்தனர். அதன் படவாயிலில் அசையாத இரண்டு பின்கள் இருந்தன. பிலிம் பின்களிலிருந்து தூக்கப்படும். ஒரு கட்டம் நகர்த்தப்படும். மீண்டும் பின்கள் துளைகளில் நுழையும்படி அழுத்தப்படும். அதன் பிறகே ஒளி படும். 1919-இல் தொடங்கிய மிட்செல் காமிரா நிறுவனம் வேறொரு வகையைக் கையாண்டது: பிலிம் அதே தளத்தில் இருக்கும்; கொக்கி இழுத்து முடித்ததும் பின்கள் முன்னால் வந்து துளைகளில் நுழையும். இவற்றை நிலைப்பின்கள் எனலாம்.

இப்போது வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிலிம் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பின்கள் தீர்மானிக்கின்றன. அது மடங்காமல் தட்டையாக இருக்க வேண்டும் என்பதை அழுத்தத் தட்டு கவனிக்கிறது. தட்டு முன்போல் பலமாக அழுத்தத் தேவையில்லை. கீறலும் துகளும் குறைந்தன. ஆனால் தட்டின் பணி அற்பமானது என்று எண்ணிவிடக் கூடாது. லென்சின் துளை எண் 2 என்றும், ஏற்கத்தக்க மங்கல் வட்டம் 0.025 மி.மீ. என்றும் கொண்டால், பிலிம் குவியத் தளத்திலிருந்து முன்னோ பின்னோ 0.05 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. பிலிமின் கனமே ஏறத்தாழ 0.15 மி.மீ.தான்!

அம்பத்தூரில் விளங்கும் பாடம்

இரண்டு பின்கள் என்றோம். இரண்டும் ஒரே மாதிரியானவையா? இல்லை. ஒன்று துளையை எல்லாப் பக்கமும் நிறைக்கும். மற்றது மேலும் கீழும் மட்டும் நிறைக்கும். இட வலமாகச் சிறிது இடம் விட்டிருக்கும். ஏன் இப்படி?

இதற்கு விடை தேடி அமெரிக்கா போக வேண்டாம். 1960-களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், துளை போடும் வேலை நடக்கும் எந்தக் கூடத்திலும் விடை கிடைக்கும். ஒரே மாதிரி மூடித் தகடுகள் ஐந்நூறில் துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அளந்து வைப்பதில்லை. ஃபிக்ஸ்ச்சர் என்ற தாங்கியில் வைப்பார்கள். அதில் தகட்டின் இரு துளைகளில் நுழையும் இரண்டு பின்கள் இருக்கும். ஒன்று உருண்டைப் பின். மற்றது இரு பக்கமும் சீவிய பின். 'டயமண்ட் பின்' என்பார்கள். இரண்டும் உருண்டையாக இருந்தால், துளைகளின் இடைவெளி இம்மியளவு மாறிய தகடு உட்காராது. அடித்து உட்கார வைத்தால் நெளியும். தகடு பின்களில் சரியாக உட்கார்ந்த பிறகே கிளாம்பை இறுக்க வேண்டும். முதலில் இடம், பிறகு பிடி. இந்த வரிசை மாறினால் தகடு தவறான இடத்தில் உறுதியாக நிற்கும்.

இயற்பியல் இதை இப்படிக் கூறும்: திண்பொருள் ஒன்றுக்கு ஆறு உரிமைப் படிகள் உண்டு, மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் திரும்பலாம். அதை நிலைநிறுத்த ஆறு தடைகள் போதும். ஏழாவது தடை வைத்தால் அது பொருளை வளைக்கும், அல்லது ஒரு தடை வேலை செய்யாது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1876-இல் அறிவியல் கருவிகளைப் பற்றி எழுதியபோது இக்கருத்தை வற்புறுத்தினார். பிலிமை எடுத்துக்கொள்வோம். படவாயிலும் அழுத்தத் தட்டும் சேர்ந்து மூன்று உரிமைகளைப் பறிக்கின்றன: லென்சை நோக்கிய நகர்வு ஒன்று, இரு வகைச் சாய்வுகள். நிறைந்த பின் இரண்டைப் பறிக்கிறது: மேல் கீழ் நகர்வு, இட வல நகர்வு. எஞ்சியது ஒன்றே: அந்தப் பின்னைச் சுற்றித் திரும்புவது. அதை இரண்டாவது பின் தடுக்கிறது. மொத்தம் ஆறு. கணக்குச் சரி!

இரண்டாவது பின்னும் நிறைந்ததாக இருந்தால் ஏழாகிவிடும். பிலிம் உலோகம் அன்று. ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். இரு துளை வரிசைகளின் நடுத்தூரம் 28.17 மி.மீ. ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே 0.028 மி.மீ. குறையும். அந்த மாற்றத்துக்கு இடம் தருவதற்காகவே இரண்டாவது பின் பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கிறது.

இரட்டை வேடத்தின் ரகசியம்

இத்தனை துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். காட்சி முழுவதும் ஒருங்கே சிறிது அசைந்தால் கண் பெரும்பாலும் மன்னித்துவிடும். ஆனால் ஒரே கட்டத்தில் இருமுறை ஒளி பட வேண்டியிருந்தால் நிலைமை வேறு.

சேலம் மாடர்ன் தியேட்டர்சின் 'உத்தம புத்திரன்' 1940-இல் வெளிவந்தது. பி. யு. சின்னப்பா அதில் இரு வேடங்களில் தோன்றினார். தமிழில் இரட்டை வேடத்திற்கு வழிகாட்டிய படம் அது. கணினி இல்லாத அக்காலத்தில் இரட்டை வேடம் எடுக்கும் முறை இதுதான். லென்சின் முன் வலப் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பர். நடிகர் இடப் பக்கத்தில் நடிப்பார். பிறகு ஷட்டரை மூடி, பிலிமைத் தொடங்கிய கட்டத்திற்கே பின்னோக்கிச் சுற்றுவர். இப்போது இடப் பாதியை மறைப்பர். வேறு உடையில் அதே நடிகர் வலப் பக்கத்தில் நடிப்பார். காமிரா, முக்காலி, அரங்கின் தூண், மேசை எதுவும் இடையில் அசையக் கூடாது.

பிலிம் இரண்டாம் முறை வந்து நிற்கும்போது முதல் முறை நின்ற இடத்திலிருந்து 0.02 மி.மீ. தவறினால், நமது பத்தரை மீட்டர்த் திரையில் இடப் பாதியும் வலப் பாதியும் 10 மி.மீ. பிசகும். தவறு கட்டத்துக்குக் கட்டம் மாறுவதால், இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிராக நடுங்கும். நடுவே செல்லும் கோடு தெரிந்துவிடும். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில், பார்ப்பவர் கதையை மறந்து கோட்டைப் பார்க்கத் தொடங்குவார். நடிகரின் உழைப்பு முழுவதும் ஒரு சிறு எஃகுப் பின்னைச் சார்ந்து நின்றது என்றால் அது மிகையாகாது.

இதே காரணத்தால்தான் நெகட்டிவ் பிலிமுக்கும் திரையரங்குப் பிரதிக்கும் துளைகளின் வடிவம் வேறுபட்டது. நெகட்டிவின் துளை 1.85 மி.மீ. உயரம், நிலைப்பின் கச்சிதமாக அமரும் வடிவம். பிரதியின் துளை 1.98 மி.மீ. உயரம், மூலைகள் உருண்டவை, பற்சக்கரத்தின் தேய்மானத்தைத் தாங்கும் வடிவம். நூற்றுக்கணக்கான முறை ஓட வேண்டிய பிரதிக்கு ஆயுள் முக்கியம்; ஒருமுறையே காமிராவில் ஓடும் நெகட்டிவுக்குத் துல்லியம் முக்கியம்.

எல்லாக் காமிராக்களிலும் நிலைப்பின் இருந்ததில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். தமிழ்த் திரையுலகில் நெடுங்காலம் உழைத்த அரிஃபிளெக்ஸ் 2-சி காமிராவில் தனி நிலைப்பின் கிடையாது. நுட்பமாக அமைந்த கொக்கியும் படவாயிலுமே அதில் பிலிமை நிறுத்தின. எடை குறைவு, தோளில் தூக்கிச் செல்லலாம். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அது போதுமானதாக இருந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் என்று அறிவதும் பொறியியலின் ஒரு பகுதி.

பின் இல்லாத காலம்

2010-களில் தமிழகத் திரையரங்குகள் டிஜிட்டல் முறைக்கு மாறின. உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு, நாட்டின் பிலிம் தேவைக்காக உழைத்த இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. இன்றைய காமிராவில் ஒளியுணர் சில்லு ஒரே இடத்தில் நிலையாக இருக்கிறது; நகர்வதற்குப் பிலிம் இல்லை. ஆனால் பிடிக்கும் பிரச்சினை மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. கைபேசிக் காமிராவின் சிறு லென்ஸ், காந்தமும் கம்பிச்சுருளும் தரும் விசையால் நகர்ந்து குவியம் காண்கிறது. பின்னும் துளையும் இல்லாமல், மெல்லிய தகட்டு வில்களே அதைக் கோணாமல் தாங்குகின்றன. விண்கலக் கருவிகளில் ஆடக்கூடிய கண்ணாடிகளை ராக்கெட் புறப்படும்போது பின் கொண்டு பூட்டி வைப்பதுண்டு. அதிர்ச்சி நீங்கிய பிறகு பூட்டு திறக்கும். அங்கே பிடிப்பதைப் போலவே விடுவிப்பதும் முக்கியம். பூட்டு திறக்கவில்லையென்றால் சரிசெய்ய ஆள் அனுப்ப முடியாது!

பழைய பிலிம்களின் நிலை என்ன? அவை ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்குகின்றன. நூறில் ஒரு பங்கு சுருங்கிய பிலிமில் துளை வரிசைகளின் இடைவெளி 0.28 மி.மீ. குறைந்திருக்கும். அதை நிலைப்பின்களில் அழுத்தினால் துளை கிழியும். ஒரு காலத்தில் படத்தைக் காத்த பின்னே இன்று அதன் எதிரி. எனவே பழம்படங்களை டிஜிட்டலாக மாற்றும் ஸ்கேனர்களில் பலவற்றில் பின் இல்லை. பிலிம் உருளைகள் மேல் மெல்ல நகர்கிறது; துளையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று ஒளியால் பார்த்து, அதற்கேற்பக் கணினி ஒவ்வொரு கட்டத்தையும் இடம் சேர்க்கிறது. 1964-இல் வெளிவந்த 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டலாகப் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டது வாசகர்கள் அறிந்ததே. அப்படத்தைப் போல நல்வாய்ப்புப் பெறாத படங்கள் ஏராளம். அவை பெட்டிகளில் ஆண்டுதோறும் இன்னும் சிறிது சுருங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படியெடுப்பதில் நாம் காட்டும் தாமதம், மில்லிமீட்டரில் அளக்கக்கூடிய தாமதம்.

கருவிகள் மாறினாலும் விதி மாறவில்லை. ஒரு பொருளை அசையாமல் நிறுத்த வேண்டுமானால் அதன் இடத்தை முதலில் வரையறுக்க வேண்டும். தேவையான தடைகளை மட்டும் இட வேண்டும். சுருங்கவும் விரியவும் அதற்கு இடம் விட வேண்டும். பிறகு மென்மையாகப் பிடித்தாலே போதும். தொழிற்பேட்டையில் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் அடுத்த முறை ஃபிக்ஸ்ச்சர் ஒன்றைக் கண்டால், அதன் இரண்டாவது பின்னைத் தொட்டுப் பார்க்கட்டும். அது ஏன் சீவப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடிந்தால், காமிராவின் உட்புறம் அவர்களுக்குப் பாதி விளங்கிவிட்டது எனலாம்.